பொருளாதாரத் துறையில் என்னதான் ஆராய்ச்சி செய்வார்கள்?



நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். மகளுக்குச் சென்னையில் எம்.ஏ. பொருளாதாரம் கிடைத்திருக்கிறதாம். சந்தோஷத்தோடு ஒரு கவலையும் சொன்னார். "சார், பிள்ளை மேல படிச்சு ஆராய்ச்சி பண்ணணும்ங்குது. எக்கனாமிக்ஸ்ல என்ன சார் ஆராய்ச்சி? பேங்க், ஷேர் மார்க்கெட்டு, பட்ஜெட்டு, இவ்வளவுதானே?" என்றார். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார வைத்தேனே, அதில் பாதி நேரம் கொடுங்கள், போதும்.

நான் டீச்சர் டிரெயினிங் படித்தவன். பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியவன் இல்லை. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறையின் பழைய ஆய்வுகளைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் ஒரு சங்கதி. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் தொடங்கிய நாளிலிருந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் அது பரீட்சை வைக்கும் இடம், அவ்வளவுதான். பாடம் நடத்துவதெல்லாம் கல்லூரிகள். 1904-ல் வந்த பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பிறகுதான் பல்கலைக்கழகமே பேராசிரியர்களை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்யலாம் என்ற நிலை வந்தது. அப்படி வந்த முதல் சில பேராசிரியர் பதவிகளில் ஒன்று இந்தியப் பொருளாதாரம். அதற்கு 1915-ல் இங்கிலாந்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பெயர் கில்பர்ட் ஸ்லேட்டர்.

வெள்ளைக்காரத் துரை, கோட்டையில் உட்கார்ந்து ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குப் பார்த்திருப்பார் என்றுதானே நினைப்போம்? இவர் அந்த ரகம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ரஸ்கின் கல்லூரி என்று ஒன்று உண்டு. தொழிலாளிகள் படிப்பதற்காக ஏற்பட்ட கல்லூரி. அதன் முதல்வராக இருந்துவிட்டு வந்தவர். அதற்கு முன் 1907-ல் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். இங்கிலாந்துக் கிராமங்களில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த நிலங்களைச் சட்டம் போட்டு வேலி அடைத்து, பெரிய நிலக்காரர்கள் கைக்கு மாற்றியதைப் பற்றிய புத்தகம் அது. ஆடு மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் இடம் இருந்தவன், அந்த வேலிக்குப் பிறகு வெறும் கூலியாள் ஆனான். தன் நாட்டில் இதை ஆராய்ந்தவர் நம் நாட்டுக்கு வந்ததும் எதைப் பார்ப்பார்? கிராமத்தைத்தான்.

அவர் செய்தது ரொம்ப எளிமையான காரியம். தன்னிடம் படித்த கல்லூரி மாணவர்களிடம், விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்களே, போகும்போது இந்தக் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். ஊரில் எத்தனை குடும்பம், எந்தெந்தச் சாதி, நிலம் யாரிடம் எவ்வளவு, கிணறு எத்தனை, மாடு எத்தனை, என்ன பயிர், கூலி காசாகவா நெல்லாகவா, கடன் யாரிடம், என்ன வட்டி. இப்படிப் போகும் அந்தக் கேள்விகள். பையன்கள் எழுதிக்கொண்டு வந்தார்கள். அவர் சரிபார்த்து, தொகுத்து, 1918-ல் புத்தகமாகப் போட்டார். 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்பது தலைப்பின் பொருள். இங்கிலீஷ் புத்தகம்தான். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் புனே பக்கம் ஹெரால்டு மான் என்ற வேளாண்மைக் கல்லூரி முதல்வரும் ஒரு தக்காணக் கிராமத்தை இதேபோல் அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார். ஆக, இந்தியாவில் கிராமப் பொருளாதாரம் என்ற ஆய்வுத் துறைக்கே வயது நூறு சொச்சம்தான். அது முளைத்த ஒன்றிரண்டு இடங்களில் நம் சென்னையும் ஒன்று. பெருமைப்படலாம், தப்பில்லை.

அந்தப் புத்தகத்தில் மலையாள, தெலுங்குப் பகுதி ஊர்களும் உண்டு. அப்போது எல்லாம் சேர்ந்ததுதான் சென்னை மாகாணம். நம் தமிழ் ஊர்கள் ஐந்து. சிவகாசி பக்கம் வடமலைபுரம். திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டான். கீழ்த்தஞ்சையில் பாலக்குறிச்சி. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, மாமண்டூர் ஏரியை ஒட்டிய தூசி. ஐந்தாவது, தென்னார்க்காட்டில் இருவேல்பட்டு. ஆமாம், நம் விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டுதான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தின்போது டிவியில் திரும்பத் திரும்பக் கேட்டீர்களே, அதே ஊர். பழைய புத்தகத்தில் எழுத்துக்கூட்டல் மாறி 'எருவெள்ளிப்பேட்' என்று இருக்கும். அதனால் நம் ஆட்கள் பலருக்கு அது நம்ம ஊர் என்றே தெரியாது. உலகத்துப் பொருளாதார அறிஞர்களுக்குத் தெரிந்திருக்கிறது, உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியாது!

இப்போது நான் ஏன் இதில் விழுந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

இருவேல்பட்டைப் பற்றிய அத்தியாயத்தில் 'படியாள்' என்ற சொல் வருகிறது. இங்கிலீஷ் புத்தகத்துக்குள் நம் சொல் அப்படியே இருக்கிறது. பரம்பரையாக ஒரே நிலக்காரரிடம் கட்டுப்பட்டு வேலை செய்கிற ஆள். கல்யாணம் போன்ற செலவுக்கு வாங்கிய கடன், அப்பன் வாங்கியது, பாட்டன் வாங்கியது, அடையவே அடையாது. கடன் இருக்கும்வரை வேறு இடம் போக முடியாது. கூலி, அளந்து போடுகிற நெல். படி அளந்து வாங்குகிற ஆள், அதனால் படியாள்.

என் தாத்தா படியாள். இருவேல்பட்டில் இல்லை, அந்தப் பக்கத்திலேயே வேறொரு ஊர். ஊர்ப் பெயரும் வேண்டாம், அந்த வீட்டுப் பெயரும் வேண்டாம். அவர்கள் பேரப்பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள், நல்ல பிள்ளைகள், இதைப் படித்துக்கொண்டும் இருப்பார்கள். எங்கள் வீட்டில் எங்கள் ஆயா அந்தச் சொல்லை வாயில் எடுக்க மாட்டார். "அந்தக் காலத்துல" என்று தொடங்கி நிறுத்திவிடுவார். எப்போதாவது வாய்விட்டுச் சொன்னது ஒன்றுதான்: "அளந்து போடுற மரக்கா ஒண்ணு, திருப்பி வாங்குற மரக்கா ஒண்ணுடா." சின்ன மரக்காலில் கூலி, பெரிய மரக்காலில் கடன் வசூல். இதை நான் கதை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அறுபது வயதுக்கு மேல், ஒரு பல்கலைக்கழகப் புத்தகத்தில் அந்த வாழ்க்கை அச்சாகி இருப்பதைப் பார்த்தபோது அன்று முழுக்க என்னால் வேறு வேலை செய்ய முடியவில்லை. தாத்தாவுக்கு ஒரு போட்டோ இல்லை. பிறந்த தேதி இல்லை. கையெழுத்து இல்லை. ஆனால் அவரைப் போன்றவர் வாங்கிய கூலியின் கணக்கு இருக்கிறது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1916-ல் கல்லூரியில் படித்த பையன் எந்த வீட்டுப் பையனாக இருப்பான்? நிலம் உள்ள வீட்டுப் பையன்தான். தன் ஊரைத் தானே எழுதினான் என்றால், பண்ணை வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்து எழுதினான் என்று அர்த்தம். படியாளின் கடனைப் பற்றி எழுதியிருக்கிறது. படியாள் என்ன சொன்னான் என்று இல்லை. அவன் பெண்டாட்டியைப் பற்றி அதைவிடக் குறைவு. நடவும் களையும் அவள் கைவேலை, ஆனாலும். இதற்காக அந்தப் பையன்மேல் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தன் வீட்டுக்குச் சாதகமில்லாத உண்மையையும் எழுதித்தானே கொடுத்திருக்கிறான். பல பேர் அதைக்கூடச் செய்வதில்லை.

ஸ்லேட்டர் 1920களின் தொடக்கத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டார். பிறகு திராவிடப் பண்பாட்டைப் பற்றிக்கூட ஒரு புத்தகம் எழுதினார், அது வேறு கதை.

துறையின் அடுத்த பெரிய ஆள் பி.ஜே. தாமஸ். கேரளத்துக்காரர். ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்தவர். 1927-லிருந்து பதினைந்து ஆண்டுகள் போல இங்கே பேராசிரியர். பின்னால் டில்லியில் அரசுக்குப் பொருளாதார ஆலோசகராகப் போனார். இவர் காலத்தில் துறையின் ஆராய்ச்சி எப்படிக் கிளை விட்டது என்று பார்த்தால், அந்தப் பெண்ணின் அப்பா கேட்ட கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

1929-ல் உலகப் பெருமந்தம். அமெரிக்காவில் பங்குச் சந்தை விழுந்தது என்று எட்டாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? அது இங்கே எப்படி வந்து சேர்ந்தது? நெல் விலையாக வந்தது. உலகம் முழுக்க விளைபொருள் விலை சரிந்தது. போதாக்குறைக்குப் பர்மா அரிசி மலிவாகக் கப்பலில் வந்து இறங்கியது. நெல் விலை பாதியானால் என்ன ஆகும்? சர்க்காருக்குக் கட்டும் நிலவரி ரூபாயில், அது குறையாது. வட்டி ரூபாயில், அதுவும் குறையாது. முன்பு பத்து மூட்டை விற்றுக் கட்டியதை இப்போது இருபது மூட்டை விற்றுக் கட்ட வேண்டும். கடன் ஒரு பைசா ஏறவில்லை, ஆனால் இரண்டு மடங்காகிவிட்டது. கடன்பட்டவர் நிலம் கைமாறியது. 1938-ல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்ததற்குப் பின்னால் இருந்த கதை இதுதான்.

இந்த நிலைமையில் ஒரு பொருளாதாரத் துறை என்ன செய்ய வேண்டும்? தாமஸ் முதலில் விலையை எடுத்தார். சுந்தரராம சாஸ்திரி என்ற புள்ளியியலாளரோடு சேர்ந்து 1918 முதல் 1938 வரை தென்னிந்தியாவில் பொருள்களின் விலை எப்படி ஏறி இறங்கியது என்று தொகுத்தார். அதே இருவர் வேளாண்மைப் புள்ளிவிவரங்களைப் பற்றியும் தனியாக ஒரு புத்தகம் போட்டார்கள்.

புள்ளிவிவரத்துக்குப் புத்தகமா என்று கேட்காதீர்கள். இந்த மாகாணத்தில் இத்தனை டன் நெல் விளைந்தது என்று சர்க்கார் அறிக்கை சொல்லும். யார் அளந்தது? கிராமக் கணக்குப்பிள்ளை எத்தனை ஏக்கரில் பயிர் என்று எழுதுவார். அது ஓரளவு நம்பலாம், ஏனென்றால் வரி அதைப் பொறுத்தது. ஆனால் விளைச்சல் எவ்வளவு என்பது கண்மதிப்பு. நல்ல விளைச்சல் என்றால் பதினாறு அணா, சுமார் என்றால் பன்னிரண்டு அணா, மோசம் என்றால் எட்டு அணா. "இந்த வருஷம் பதினாறணா வெள்ளாமை" என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, சர்க்கார் புள்ளிவிவரமும் அந்த வழியில்தான் உருவானது. கணக்குப்பிள்ளை பன்னிரண்டணா என்று எழுதியதை ஆபீஸில் உட்கார்ந்து டன்னாக மாற்றுவார்கள். ஜமீன் பகுதிகளில் அந்தக் கணக்குப்பிள்ளை ஒழுங்குகூடக் கிடையாது. அப்படி வந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் சாப்பாடு போதுமா, வரி ஏற்றலாமா, பஞ்சமா இல்லையா என்றெல்லாம் முடிவு செய்தார்கள். எண் எங்கே பிறக்கிறது என்று தேடிப் போவதும் ஆராய்ச்சிதான். எனக்குக் கேட்டால், அதுதான் முதல் ஆராய்ச்சி.

பிறகு மதுவிலக்கு. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. கள்ளுக்கடை மூடினால் குடும்பத்தில் என்ன மாறும்? மிச்சப்படும் காசு எங்கே போகும்? கள் இறக்கியவர்கள் பிழைப்புக்கு என்ன செய்வார்கள்? இதைப் பார்க்கப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறை சேலத்தில் இறங்கியது. முதல் வருடத்து விளைவுகளைப் பற்றித் தாமஸின் அறிக்கை இருக்கிறது. சோறு, துணி, பழைய கடன் என்று காசு நல்ல பக்கம் திரும்பியதாகவே அது சொல்கிறது. கள்ளுக்கடை வருமானம் போனதும் அரசு கஜானாவில் ஓட்டை விழுமே? அதை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரி வந்தது. இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னை மாகாணத்தில்தான். இன்று கடையில் பில் வாங்கும்போது ஜிஎஸ்டி என்று ஒரு வரி கீழே இருக்கிறதே, அதன் முப்பாட்டன் அது. மாகாணத்துக்கும் மத்திய அரசுக்கும் வருமானத்தை எப்படிப் பிரிப்பது என்பதும் தாமஸ் எழுதிய விஷயம்தான். பொதுநிதி என்று அந்த ஆய்வுப் பிரிவுக்குப் பெயர். பிற்காலத்தில் நாட்டின் வரிச் சீர்திருத்தத்துக்கே வழிகாட்டிய ராஜா செல்லையாவும் சென்னையில் படித்தவர்தான்.

இவ்வளவுக்கும் நடுவில் தாமஸ் செய்த இன்னொரு காரியம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. 1936, 37-ல் அவரும் கே.சி. ராமகிருஷ்ணனும் சேர்ந்து, ஸ்லேட்டரின் மாணவர்கள் போன அதே கிராமங்களுக்கு மறுபடி ஆள் அனுப்பினார்கள். அதே கேள்விகள், இருபது வருடம் கழித்து. 1940-ல் அது புத்தகமாக வந்தது.

இது ஏன் பெரிது? பள்ளிக்கூடத்தில் சுவரில் கோடு போட்டு உங்கள் உயரத்தை அளந்தேனே, நினைவிருக்கிறதா? ஒரு வருடம் மட்டும் அளந்தால் யார் நெட்டை, யார் குட்டை என்று மட்டும்தான் தெரியும். ஐந்து வருடம் அதே பிள்ளையை அளந்தால்தான் வளர்ந்தானா, எப்போது வளர்ந்தான், எந்த வருடம் வளரவில்லை, அந்த வருடம் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்க முடியும். ஊருக்கும் அப்படித்தான்.

அதோடு நிற்கவில்லை. 1961-ல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து மார்கரெட் ஹாஸ்வெல் என்ற அம்மையார் வந்து மறுபடி பார்த்தார். 1971-ல் மால்கம் ஆதிசேஷய்யா அடையாறில் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார், எம்.ஐ.டி.எஸ். என்பார்கள். 1980களின் தொடக்கத்தில் அந்த நிறுவனத்து ஆட்கள் மறுபடி கிளம்பினார்கள். இருவேல்பட்டுக்கு எஸ். குகன், அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மென்ச்சர். தூசிக்குக் குகனும் பரதனும். வடமலைபுரத்துக்கு ஆத்ரேயா. குகன் யார் தெரியுமா? ஐ.ஏ.எஸ். அதிகாரி, தமிழ்நாட்டு நிதித்துறைச் செயலாளராக இருந்தவர். கஜானா சாவி வைத்திருந்தவர், கூலிக்காரன் வீட்டுக் கணக்கைக் கேட்கக் கிராமத்துக்குப் போனார். மென்ச்சர் அம்மா நெல் வயலில் வேலை செய்யும் பெண்களைப் பற்றித் தனியாகவே ஆராய்ந்தவர். 1916-ல் திண்ணையிலிருந்து கண்ணில் படாதவர்கள் இப்போது ஆய்வுக்குள் வந்தார்கள். பிறகு 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் மறுபடி இருவேல்பட்டுக்குப் போனார்கள். ஒரே ஊரை இத்தனை முறை, தொண்ணூறு வருட இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்த்த பதிவு உலகத்திலேயே அரிது.

திரும்பப் போய் ஒப்பிடுவதும் லேசு இல்லை. கணக்குக்காக இரண்டு எண் வைத்துக்கொள்வோம், இது நான் வைத்த எண், புத்தகத்து எண் இல்லை. ஒரு ஊரில் 1916-ல் கூலி இரண்டணா, 2008-ல் நூறு ரூபாய். இரண்டணா என்பது ரூபாயில் எட்டில் ஒரு பங்கு. அப்படியானால் கூலி 800 மடங்கு ஏறிவிட்டது, கூலிக்காரன் கோடீஸ்வரன் ஆகிவிட்டான் என்று சொல்லலாமா? அந்த இரண்டணாவுக்கு அன்று எத்தனை படி அரிசி, இந்த நூறு ரூபாய்க்கு இன்று எத்தனை படி அரிசி என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். அங்கே அடுத்த சிக்கல். படி என்றால் எந்தப் படி? பட்டணம் படி வேறு, உள்ளூர்ப் படி வேறு. மரக்கால் ஊருக்கு ஊர் வேறு. எங்கள் ஆயா சொன்னதை நம்பினால் ஒரே வீட்டிலேயே வேறு! அப்புறம் மதியக் கஞ்சி, அறுப்புக் காலத்துக் களத்துநெல், பொங்கலுக்கு ஒரு வேட்டி, இதெல்லாம் கூலியில் சேர்த்தியா இல்லையா? வருடத்தில் எத்தனை நாள் வேலை? இதையெல்லாம் உட்கார்ந்து பிரித்தெடுக்கப் பொறுமை வேண்டும். 'உண்மைக் கூலி' என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் வருவதன் பின்னால் இத்தனை வேலை இருக்கிறது.

சரி, தொண்ணூறு வருடத்தில் என்ன மாறியது? ஐந்து ஊரும் ஐந்து விதமாகப் போனது. வடமலைபுரத்தில் 1916-ல் கமலை இறைத்து விவசாயம். பக்கத்துச் சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில் வளர்ந்ததும் பிழைப்புக்கு வேறு வழியும் திறந்தது. கங்கைகொண்டானில் இன்று சிப்காட் வளாகம் நிற்கிறது. பாலக்குறிச்சி இருக்கும் கீழ்த்தஞ்சையில் பண்ணையாட்களின் போராட்டம்தான் மாற்றத்தைக் கொண்டுவந்தது. 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் சும்மா வரவில்லை. அதற்குப் பிறகும், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். படி நெல்லின் கணக்கு என்று நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருப்பது வெறும் கணக்கு இல்லை என்பதற்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

இருவேல்பட்டில் அந்த மாதிரிப் பெரிய போராட்டம் இல்லை. மாற்றம் மெதுவாக வந்தது. 1980களில் போனவர்கள் பார்த்தபோதும் பெரிய நிலக்குடும்பத்தின் கை ஓங்கித்தான் இருந்தது. 2008-ல் போனவர்கள் எழுதியது வேறு மாதிரி. நிலக்காரரை அண்டித்தான் பிழைக்க வேண்டும் என்ற நிலை தளர்ந்துவிட்டது. ஆண்கள் கட்டட வேலைக்கும் வெளியூருக்கும் போகிறார்கள். ரேஷன் அரிசி வருகிறது. வயல் வேலையில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பெண்கள். படியாளின் பேரன் யார் வீட்டு வாசலிலும் மரக்காலுக்காக நிற்க வேண்டியதில்லை. ஆனால் ஊரும் காலனியும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. கூலி மாறிய வேகத்தில் தெரு மாறவில்லை. என் ஊரிலும் அப்படித்தான்.

இந்த ஊர்க் கதையிலேயே நின்றுவிட்டேன், துறையின் மற்ற கிளைகளையும் சொல்லிவிடுகிறேன். சுதந்திரத்துக்குப் பிறகு திட்டக் காலம் வந்தது, ஆர். பாலகிருஷ்ணா பேராசிரியராக இருந்தபோது 1954 முதல் 1957 வரை சென்னை நகரத்தையே வீடு வீடாக மாதிரி எடுத்துப் பொருளாதாரக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். கிராமத்துக்குக் கேட்ட கேள்வியை நகரத்துக்கும் கேட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1970களின் பிற்பகுதியில் எக்கனாமெட்ரிக்ஸ் என்ற பிரிவு வளர்ந்தது, கணிதமும் புள்ளியியலும் கொண்டு பொருளாதாரத்தை அளப்பது. அந்த வழியில் வந்த யு. சங்கர் போன்றவர்கள் பிறகு சுற்றுச்சூழல் பக்கம் திரும்பினார்கள். தோல் பதனிடும் கழிவு பாலாற்றில் போகிறதே, சாயக் கழிவு நொய்யலில் போகிறதே, அந்த நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது? தொழிற்சாலை லாபக் கணக்கில் அது வராது. கிணறு கெட்டுப்போன விவசாயி தலையில் விழுகிறது. அதை ரூபாயில் அளந்து காட்டுவதும் இன்று ஒரு பொருளாதார ஆய்வுப் பிரிவு. வேலூர், திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பேங்க், ஷேர் மார்க்கெட்டும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு அதில் ருசி இல்லை, அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு ருசி இருந்தால் தாராளமாகப் படிக்கட்டும்.

இப்போது உங்களிடம் ஒரு வேலை வாங்கப் போகிறேன். உங்கள் வீட்டுப் பரணில் பழைய மரக்கால், படி, நெல் கணக்கு எழுதிய நோட்டு, பண்ணைக் கடன் பத்திரம் ஏதாவது கிடந்தால் பழைய சாமான்காரருக்குப் போடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். மரக்கால் என்றால் அதில் எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது என்றும் அளந்து எழுதுங்கள். கொடுத்த வீட்டு மரக்கால், வாங்கின வீட்டு மரக்கால், இரண்டும் வேண்டும். எழுபது, எண்பது வயதுப் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அந்தக் காலத்தில் அறுப்புக்கு எத்தனை படி கூலி, நடவுக்கு எத்தனை படி என்று கேட்டு, அவர்கள் சொல்கிற சொல்லிலேயே கமென்ட்டில் போடுங்கள். குறிப்பாகப் பாட்டிமார்களைக் கேளுங்கள். சொல்ல மனமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.